படத்தில் இல்லாத வெட்டு

'திரையில் அந்தக் காசைப் பார்த்ததும் வீல் என்று கத்தியிருக்க வேண்டாமா? கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே, என்ன பெண் இவள்?' என்று போன வாரம் மூன்று பேர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். கத்தலாம்தான். பக்கத்து அறையில் அம்மா உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு யார் பதில் சொல்வது? அதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் பிறந்தவள், வீட்டிலிருந்தபடியே ஓர் ஏல நிறுவனத்துக்குப் பழைய காசுகளின் தரம் பார்த்துச் சொல்கிறவள். காசைத் தொடக்கூடக் கிடைக்காது. விற்பவர்கள் அனுப்புகிற படங்களைப் பார்த்தே சொல்ல வேண்டும். சின்னவன், அப்பா கடைசியாகக் கையில் கொடுத்த ஒற்றை வெள்ளிக் காசோடு எட்டு மாதத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போனவன். யாரோ இரண்டு பேருடன் கூட்டுச் சேர்ந்து காசு வியாபாரம் பண்ணப்போவதாகச் சொன்னான். நாலு மாதமாக அவனுடைய போன் அணைந்து கிடக்கிறது. போலீஸில் போய்ச் சொன்னால், "வளர்ந்த பிள்ளை, அவனா போனான், அவனா வருவான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காசு இன்று காலை பத்து மணிக்கு, யாரோ ஒருவர் பெயரில் விற்பனைக்கு வந்து அவள் திரையில் நிற்கிறது.

அதே காசுதானா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். அவளுக்கு வரவில்லை. ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் தலை. காசில் போட்டிருக்கிற வருஷத்தில் லட்சக்கணக்கில் அடித்த காசுதான். ஆனால் அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு சின்னப் பள்ளமும், கப்பலின் கொடிக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு கீறலும் சேர்ந்தாற்போல் இருப்பது உலகத்திலேயே ஒரு காசில்தான். கன்னத்துப் பள்ளத்தை அப்பா 'மச்சம்' என்பார்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். படம் பார்க்கும்போது அறை இருட்டாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய தொழில் பழக்கம். இன்றைக்குப் பழக்கத்தையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

முதலில் மேடான இடங்கள். காதுக்கு மேல் முடி, கன்னம், பாய்மரத்தின் உச்சி. காசு கைமாறிப் புழங்கியிருந்தால் முதலில் தேய்வது அவைதான். தேயவில்லை. அடுத்து வெளிச்சம். தேய்க்காத பழைய வெள்ளியை, விளக்கை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தால், ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு வெளிச்சம் பட்டையாகச் சுற்றி நகரும். இதில் நகரவே இல்லை. எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி, புதுத் தட்டு போல வெறும் பளபளப்பு. அதன்மேல் முடி முடியாக ஒரே திசையில் ஓடும் கீறல்கள். ஐம்பது அறுபது வருஷத்துப் பழுப்பும் நீலமும் கலந்த நிறம் துடைத்த மாதிரிப் போயிருந்தது.

யாரோ பற்பசையோ சாம்பலோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

சின்னவன் இதைச் செய்யவே மாட்டான். அந்தக் காசுக்கு நேராக யாரையும் பேசக்கூட விடமாட்டான். "எச்சில் தெறிக்கும், அந்தப் பக்கம் திரும்பிப் பேசுக்கா" என்பான். எட்டு மாதத்துக்கு முன் வீட்டில் சண்டை வந்ததே இதனால்தான். "அழுக்கா கெடக்கு, கொஞ்சம் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா ஜம்முனு ஆயிடும்" என்று பெரியவன் கையை நீட்ட, இவன் தட்டிவிட, பேச்சு வளர்ந்து, கடைசியில் பெரியவன் "போனா போடா, திரும்பி வராதே" என்று சொல்லித் தொலைத்தான். சின்னவனும் சொன்னபடியே போய்விட்டான்.

ஆகவே காசு தேய்க்கப்பட்டிருக்கிறது என்றால், காசு அவன் கையில் இல்லை. அவன் உடம்பில் உயிர் இருக்கிறவரை அதை விட்டிருக்க மாட்டான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

படம் எடுத்தவன் சரியான முட்டாளாகவும் இருந்தான். விற்க வருகிறவன் விளக்கை நேர் எதிரே வைத்து எடுப்பான், கீறல் தெரியாது. இவனோ விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒவ்வொரு கீறலையும் எண்ணிவிடலாம் என்கிற மாதிரி எடுத்திருந்தான்.

இன்னும் ஒரே ஓர் அடையாளத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். கூடுதல் படம் கேட்கும் கட்டத்தில் மளமளவென்று தட்டினாள். 'ஆண்டுக்கு நேர் கீழே விளிம்பில் உள்ள வெட்டைப் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பவும்.' அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, அண்ணனுக்குப் போன் போட்டாள்.

பெரியவன் வரும்போது மணி பன்னிரண்டு. கையெல்லாம் கிரீஸ்.

"ஏய் பூதக்கண்ணாடி, என்ன தலை போற அவசரம்? பதினோராவது மாடியில லிஃப்டை நிறுத்திட்டு ஓடி வர்றேன். பயப்படாதே, உள்ள ஆள் இல்ல."

"மெதுவாப் பேசுண்ணா. அம்மா இருக்கா."

கதவைச் சாத்திவிட்டுத் திரையைக் காட்டினாள். அவனுக்குக் காசைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் மச்சம் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனான்.

"இது அவன் விக்கிறானா?"

"பேரு வேற. முகவரி வேற ஊரு. தேய்ச்சிருக்காங்கண்ணா, பாரு."

"அவன் தேய்க்க மாட்டானே."

"அதான் சொல்றேன்."

பெரியவன் கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான். கன்னத்தில் கறுப்பாகக் கோடு விழுந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"போலீஸுக்குப் போலாமா?"

"திருட்டுன்னு நான் ஒரு வார்த்தை எழுதினா ஆபீஸ்ல உடனே விற்பனையை மூடிடுவாங்க. விக்கிறவனுக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் அந்தப் பேரும் பொய், முகவரியும் பொய்னு ஆகி, இருக்கிற ஒரே நூலும் அறுந்துடும்."

"அப்ப என்னதான்டி பண்றது?"

அதற்குள் போன் அடித்தது. அலுவலக மேலாளர். தங்கமான மனுஷி, ஆனால் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னம்மா, சாப்பிட்டாச்சா? ஒரு சின்னச் சந்தேகம். அந்தக் கப்பல் காசுக்கு விளிம்பு வெட்டைப் படமெடுக்கச் சொல்லியிருக்கீங்களே, எந்த வெட்டு? நானும் நாலு படத்தையும் பெருசாக்கிப் பார்த்துட்டேன். ஒண்ணுலகூட விளிம்பே வரலையே."

அவள் நாலு படத்தையும் மறுபடி திறந்தாள்.

உண்மைதான். நாலு படமும் நேர் மேலிருந்து எடுத்தவை. விளிம்பு எதிலும் இல்லை. அந்த வெட்டு அவளுக்குத் தெரியும், ஏனென்றால் பத்து வயதில் அந்தக் காசை மாடிப்படியிலிருந்து இரும்புக் கேட்டின் மேல் போட்டு வெட்டை உண்டாக்கியவளே அவள்தான். இந்த வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத வெட்டு.

"வேற காசோட குழப்பிக்கிட்டேன் மேடம்."

"பதினோரு வருஷத்துல நீங்க குழப்பி நான் பார்த்ததில்லையே."

"காலையிலேருந்து தலைவலி."

"உடம்பைப் பார்த்துக்குங்க. நீங்க கேட்டது விக்கிறவருக்குப் போயாச்சு, அவங்க பார்த்துட்டதாவும் காட்டுது. நாலு மணிக்குள்ள தரத்தைப் போட்டுடுங்க. இல்லேன்னா வேற ஆளுக்கு மாறிடும்."

போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"தப்புப் பண்ணிட்டேண்ணா. பெரிய தப்பு."

விஷயத்தைச் சொன்னதும் அவன் எழுந்தே விட்டான். "படத்துல இல்லாத வெட்டைப் பத்திக் கேட்டியா? அப்ப அவனுங்களுக்கு, இந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவளுக்கு இந்தக் காசைத் தெரியும்னு தெரிஞ்சு போயிருக்குமே! ஏன்டி, ஊர்ல இருக்கிறவன் காசையெல்லாம் மயிரிழை மயிரிழையாப் பார்ப்பே, நீ எழுதுறதைப் பார்க்க மாட்டியா?"

"திட்டாதே. எனக்கே உயிர் போய் உயிர் வருது."

"திட்டலை." அவன் குரல் இறங்கிவிட்டது. "பயமா இருக்குடி. நான் சொன்ன வார்த்தைதானே. திரும்பி வராதேன்னு நான்தானே சொன்னேன்."

அண்ணன் பயந்து அவள் பார்த்ததில்லை. பாதி அறுந்த கம்பியில் தொங்குகிற லிஃப்டின் தலையில் ஏறி நிற்கிறவன். அவனே இப்படி உட்கார்ந்துவிட்டால் அவள் யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வது?

அடுத்த மூன்று மணி நேரத்தை எப்படிக் கடத்தினார்கள் என்று கேட்காதீர்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், இரண்டு பேரும் போய்த் தட்டில் கையை வைத்து அளைந்துவிட்டு வந்தார்கள். "ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்களே, என்ன சண்டையா?" என்று கேட்டதற்கு, "ஆமா, இவ என்னைக் கிழவன்னு சொல்லிட்டா" என்றான் பெரியவன். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள். நம்பினாளா இல்லையா என்பது எனக்கே தெரியவில்லை.

மூன்றரை மணி. வெட்டின் படம் வரவில்லை. விற்பவரிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. விற்பனையை இழுத்து மூடிக்கொண்டு ஓடவும் இல்லை. அந்த அமைதிதான் இன்னும் பயமாக இருந்தது.

"சரி, நீ என்ன தரம் போட்டா என்ன ஆகும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"தரம்னா எழுபதுக்கு இத்தனைன்னு ஓர் எண். தேய்ச்ச காசுக்கு அந்த எண்ணே கிடையாது. 'தேய்க்கப்பட்டது'ன்னு எழுதினா ஏலத்துக்கு ஏத்துக்க மாட்டாங்க, அதோட விற்பனை முடிஞ்சுது. அவங்க எங்கயோ போயிடுவாங்க. அறுபதுக்கு மேல எண் போட்டா, புழங்காத காசுன்னு அர்த்தம். அப்படிப்பட்ட காசை விக்கிறவங்க நேர்ல ஆபீஸுக்குக் கொண்டுவந்து காட்டணும்."

"நேர்லயா?"

"நேர்ல. கவுண்ட்டர்ல, கையெழுத்துப் போட்டு."

பெரியவன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ரத்தம் ஓடியது. "அப்புறம் என்ன யோசனை? போடு அறுபது! வரட்டும். நான் அந்த வாசல்ல நிக்கிறேன். என் தம்பி எங்கடான்னு கேக்குறேன்."

"அது பொய்ண்ணா. கீறல் பச்சையாத் தெரியுது. மேடம் பார்த்தா?"

"ஏதாவது சாக்குச் சொல்ல முடியாதா?"

முடியும். அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. சிலர் காசைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தபடியே படமெடுப்பார்கள். கீறல் உறையின் மேல் இருக்கும், படத்தில் காசின் மேல் இருக்கிற மாதிரித் தெரியும். அப்படி எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக அவள் போட்ட ஒரு தரத்தைக்கூட யாரும் திருப்பியதில்லை. அவள் பெயரைப் பார்த்தே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

"வேலை போயிடும்ண்ணா."

"போகட்டும்டி. அவன் போயிட்டா?"

மூன்று ஐம்பத்திரண்டுக்கு அவள் எழுதினாள். 'கீறல்கள் உறையின் மேலுள்ளவை. மேடுகளில் தேய்மானம் இல்லை. தரம் அறுபத்திரண்டு. நேரில் சரிபார்க்க வேண்டும்.' பெரியவன் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துத் தலையாட்டினான். அழுத்தினாள். 'தரம் விற்பவருக்கு அனுப்பப்பட்டது. இனி மாற்ற இயலாது' என்று பச்சை எழுத்தில் வந்தது.

நாலு ஐந்துக்கு, டிங் என்று ஒரு சத்தம்.

கூடுதல் படம் வந்திருந்தது.

அவள் கேட்ட அதே வெட்டு. காசை விளிம்பு தெரியும்படி இரண்டு விரல்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்து எடுத்திருந்தார்கள். அவள் முதலில் வெட்டைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாள். கடித்துக் கடித்துச் சதைக்குள் போன நகம். கட்டைவிரல் கணுவில், சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய தழும்பு.

"அண்ணா..." என்றாள். திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"அவன்தான்! அவன் கைதான்டி!" பெரியவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான். "உசிரோட இருக்கான்! முட்டாப்பய, உசிரோட இருக்கான்!" கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றாமல் சிரித்தான். அவளும் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

பழக்கதோஷம். அழுதுகொண்டே படத்தைப் பெருசாக்கினாள். விரலுக்குக் கீழே ஒரு கோடு போட்ட காகிதம். காசின் நிழல் விழுந்த இடத்தில், பென்சிலால், மங்கலாக, பொடிப் பொடியாக ஏதோ எழுத்து. இன்னும் பெருசாக்கி, வெளிச்சத்தைக் கூட்டினாள்.

'அக்கா, வெட்டைக் கேட்டதுமே நீதான்னு தெரிஞ்சுது. நான்தான் தேச்சேன். நல்ல தரம் போட்டுடாதே. நல்ல காசு பொறுக்க என் கண்ணு உதவாதுன்னு இவங்களுக்குத் தோணினாத்தான் என்னை வெளிய விடுவாங்க.'

ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

காசு அவன் கையைவிட்டுப் போனதால் தேய்க்கப்படவில்லை. அவன் கையில் இருந்ததால்தான் தேய்க்கப்பட்டிருக்கிறது. எச்சில் தெறிக்கும் என்று பேசக்கூட விடாதவன், உட்கார்ந்து தன் கையாலேயே அதைப் பாழாக்கியிருக்கிறான். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து ஒவ்வொரு கீறலும் தெரியும்படி எடுத்ததும் அவன்தான். தரம் பார்க்கிற எவரும் ஒரே பார்வையில் 'தேய்க்கப்பட்டது' என்று எழுதித் தள்ளிவிட வேண்டும் என்று, அவனால் முடிந்ததையெல்லாம் செய்திருக்கிறான். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, முட்டாள் என்று திட்டினாள். கடைசியில் அறுபத்திரண்டு போட்டாள்.

"மாத்துடி" என்றான் பெரியவன். அவன் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "சீக்கிரம் மாத்து."

"முடியாதுண்ணா."

"மேடத்துக்குப் போன் பண்ணு!"

"அனுப்பியாச்சு. விக்கிறவங்க கைக்குப் போயாச்சு."

"நான்தானே போடச் சொன்னேன். அன்னிக்கும் நான், இன்னிக்கும் நான்..." அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கதவு திறந்தது. இத்தனை சத்தத்துக்குப் பிறகு அம்மா வராமல் இருப்பாளா? கையில் பாதி காஜா எடுத்த சட்டையோடு நின்றாள். தரையில் கிடந்த மகனைப் பார்த்தாள், அழுத முகத்தோடு இருந்த மகளைப் பார்த்தாள். பிறகுதான் திரையைப் பார்த்தாள். அவ்வளவு பெரிதாக்கிய படத்தில் எழுத்தெல்லாம் அவளுக்கு வெறும் கிறுக்கல். விரலைத் தெரிந்துகொள்ள அவளுக்குக் கண்ணாடி வேண்டுமா என்ன?

"சின்னவன் கை" என்றாள். "ஐயோ, என் புள்ள கை. நகத்தைக் கடிக்காதே கடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." திரையிலேயே அந்த விரலைத் தடவினாள். "நல்லா இருக்கானா? காசை விக்கிறானா? விக்கட்டும், விக்கட்டும், காசு கெடக்கு. நீதானே தரம் போடறே? நல்லதாப் போட்டியா? தம்பின்னு கொஞ்சம் கூடவே போட்டிருப்பே, இல்ல?"

அம்மா மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் அந்த வெளிச்சம்.

டிங்.

விற்பவரிடமிருந்து செய்தி. இது பென்சில் எழுத்து இல்லை. நிதானமாகத் தட்டச்சு செய்த, மரியாதையான வாக்கியங்கள்.

'தங்கள் தரத்துக்கு மிக்க நன்றி. நாளைக் காலை பத்து மணிக்கு நாங்கள் இருவர் நேரில் வருகிறோம். இது போல இன்னும் நிறைய வரும். நல்ல காசைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் ஒருவன் எங்களிடமே இருக்கிறான். உதவாதவன் என்று நினைத்திருந்தோம். இனி அவனை எங்கும் அனுப்புவதாக இல்லை.'

"என்னடி எழுதியிருக்கு?" என்றாள் அம்மா ஆவலாக. "அவனா எழுதியிருக்கான்? படி, படி."

பெரியவன் தரையிலிருந்து தங்கை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நன்றி சொல்லியிருக்காங்கம்மா" என்றாள்.